நெருப்பே, நீ இருக்கியா? – ஆர்.வி. ஹீட்டர்களின் இருநூறு வருஷக் கேள்வி

அமெரிக்காவில் ஆர்.வி. வாடகைக்கு எடுத்துக்கிட்டு யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன்னு சுத்தப் போற நம்ம ஆளுங்க திரும்பி வந்து சொல்ற கதைகளில் ஒண்ணு மட்டும் மாறவே மாறாது. "பகல் பூரா நல்லா இருந்துச்சு. ராத்திரி குளிர் உறைய ஆரம்பிச்சதும் ஹீட்டரைப் போட்டோம். மோட்டார் சுத்துச்சு, டிக் டிக்னு சத்தம் வந்துச்சு, குப்புனு பத்திக்கிச்சு. ஏழெட்டு விநாடிதான். அணைஞ்சுடுச்சு. மறுபடி பத்திக்கிச்சு. மறுபடி அணைஞ்சுச்சு. மூணாவது தடவைக்கு அப்புறம் செத்தே போச்சு."

(ஆர்.வி. தெரியாதவங்களுக்கு: சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. சூடேத்துறது, வெந்நீர், அடுப்பு, பல சமயம் ஃபிரிட்ஜ் கூட ப்ரொபேன் கேஸில்தான் ஓடும்.)

கேட்டதும் எல்லோரும் சொல்ற தீர்ப்பு, "ஹீட்டர் ரிப்பேர்". அது அவ்வளவு சரியில்லை. அந்த ஹீட்டர் தன் கடமையைத்தான் செஞ்சிருக்கு. "நெருப்பே, நீ இருக்கியா?"னு ஒரு கேள்வி கேட்டிருக்கு, நம்பும்படி பதில் வரலை, கேஸை மூடிட்டுச்சு. இந்தக் கேள்வியைக் கேட்க மனுஷன் கண்டுபிடிச்ச வழிகளுக்கு ஏறத்தாழ 200 வருஷ வரலாறு இருக்கு. எந்த வழியில் கேட்குதுனு தெரிஞ்சா, கோளாறு எங்கேனும் பாதி தெரிஞ்ச மாதிரி. அதனால இந்தப் பதிவு பாதி வரலாறு, பாதி ரிப்பேர்.

காவலுக்கு ஒரு குட்டிச் சுடர்

வில்லியம் முர்டாக் இங்கிலாந்தின் ரெட்ருத் ஊரில் தன் வீட்டில் நிலக்கரி வாயு விளக்கை ஏத்தினது 1792-ல். அப்புறம் நூறு வருஷத்துக்குக் கேஸ்னா முக்கியமா விளக்கு. கையில் தீக்குச்சி, கண்ணெதிரே சுடர். அணைஞ்சா ஆளுக்குத் தெரிஞ்சுடும். அதாவது சுடரைக் கண்காணிக்கிற கருவி மனுஷக் கண்தான்.

வெந்நீர் வந்ததும் கதை மாறுது. 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் கேஸில் உடனுக்குடன் தண்ணீர் சுடவைக்கிற கருவி ஒண்ணைச் செஞ்சு, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றுப் பெயரையே அதுக்கு வச்சார்: கீசர். ஆமாங்க, இன்னைக்கும் நம்ம வீட்டுக் குளியலறையில் புழங்குற அதே வார்த்தை. அதில் புகை வெளியே போக குழாயே கிடையாது. இதை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில் மறுபடி வருவோம்.

1889-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் எட்வின் ரூட் தானாக இயங்கும் சேமிப்புத் தொட்டி வாட்டர் ஹீட்டரைக் கொண்டுவந்தார். 'தானாக' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் வில்லங்கமே. தண்ணீர் ஆறினா பர்னர் தானா எரியணும், சூடானா தானா அணையணும். ஆனா ராத்திரி மூணு மணிக்கு யார் போய் தீக்குச்சி கிழிப்பா? இந்தத் தேவைக்குக் கிடைச்ச விடைதான் பைலட் சுடர். எப்பவும் அணையாம எரிஞ்சுகிட்டே இருக்கும் குட்டிச் சுடர். பெரிய பர்னருக்குக் கேஸ் வந்ததும் அது பத்த வச்சுடும்.

சரி, அந்தக் குட்டிச் சுடரே காத்தில் அணைஞ்சுட்டா? கேஸ் வந்துகிட்டே இருக்கும், பத்த வைக்க ஆளில்லை. காவலுக்கு வச்சவனுக்கே ஒரு காவல் வேணும்னு ஆயிடுச்சு.

சீபெக்கின் ஊசி

அதுக்கான விடை அப்போ ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டு சும்மா கிடந்தது. 1821-ல் ஜெர்மனியில் தாமஸ் யோஹான் சீபெக் இரண்டு வெவ்வேறு உலோகங்களை வளையமா இணைச்சு, ஒரு இணைப்பை மட்டும் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த காந்த ஊசி திரும்பிச்சு. வெப்பம் காந்தத்தை உண்டாக்குதுனு அவர் நினைச்சார். உண்மையில் அங்கே மின்சாரம் ஓடியிருக்கு, ஊசி அதுக்குத்தான் திரும்பியிருக்குனு விளக்கி அதுக்கு வெப்பமின்சாரம்னு பேர் வச்சவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட். நாம இன்னைக்கு தெர்மோகப்பிள்னு சொல்றது இதைத்தான்.

இதைப் பைலட் சுடருக்குள் நீட்டி வச்சா 25, 30 மில்லிவோல்ட் கிடைக்கும். டார்ச் பேட்டரி ஒண்ணரை வோல்ட், அதில் ஐம்பதில் ஒரு பங்கு. இந்தத் துளி மின்சாரத்தால் கேஸ் வால்வைத் திறக்க முடியாது. ஆனா ஏற்கெனவே திறந்து வச்ச வால்வை ஒரு சின்ன மின்காந்தம் மூலமா பிடிச்சுக்க முடியும். எனக்கு இந்த ஏற்பாட்டில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். பழைய ஹீட்டரில் பைலட் ஏத்தும்போது குமிழை அரை நிமிஷம் அழுத்திப் பிடிச்சே இருக்கணும்னு சொல்வாங்க இல்லையா? வால்வைத் திறக்குறது நம்ம விரல். தெர்மோகப்பிள் சூடானதும் அந்த வேலையை விரலிடமிருந்து அது வாங்கிக்குது. சுடர் அணைஞ்சா மின்சாரம் போகும், காந்தம் கைவிடும், ஸ்பிரிங் வால்வை மூடிடும். பேட்டரி வேண்டாம், வெளிமின்சாரம் வேண்டாம். நெருப்பே தன் காவலுக்குச் சம்பளம் கொடுக்குது.

இதில் வர்ற கோளாறும் இந்தக் கதைப்படியேதான் இருக்கும். குமிழை விட்டதும் பைலட் அணைஞ்சா, விரலிடமிருந்து வேலையை வாங்கிக்க ஆள் வரலைனு அர்த்தம். தெர்மோகப்பிள் முனை சுடருக்குள் சரியா நனையலையா? துளை அடைச்சு சுடர் மஞ்சளா, சோம்பலா இருக்கா? வால்வில் திருகும் முனை தளர்ந்திருக்கா, அழுக்கா? (மில்லிவோல்ட்டுக்குக் கொஞ்சம் அழுக்கே பெரிய மதில்.) இதெல்லாம் சரியா இருந்தா தெர்மோகப்பிளுக்கு வயசாயிடுச்சு, மாத்துங்க. விலை அதிகமில்லை.

வண்டியில் ஏறிய நெருப்பு

1910-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கண்காட்சியில் பியர்ஸ் ஆரோ கம்பெனி தூங்கும் வசதியுள்ள ஒரு வண்டியைக் காட்டியது. ஆர்.வி. வரலாற்றை அமெரிக்கர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குவாங்க. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் வால்டர் ஸ்னெல்லிங் என்ற வேதியியலாளர், பெட்ரோலில் இருந்து ஆவியா வீணாப் போற வாயுவைப் பிரிச்சுப் பார்த்து, அழுத்தினா திரவமாகிற ப்ரொபேனைப் பிடிச்சார். 1912-ல் முதல் முறையா ஒரு வீட்டில் அது எரிஞ்சது. வண்டியும் அதுக்கேத்த எரிபொருளும் சேர்ந்தே பிறந்த மாதிரி. அப்புறம் 1931-ல் வாலி பயாமின் ஏர்ஸ்ட்ரீம், 1966-ல் அயோவா மாநிலத்து வின்னபேகோவின் மோட்டார் ஹோம். உருண்டோடும் வீடு நடுத்தரக் குடும்பத்துக்கும் வந்துடுச்சு.

ஆனா நகராத வீட்டுக்குன்னு செஞ்ச பைலட் சுடரை வண்டியில் வச்சா என்ன ஆகும்? நெடுஞ்சாலைக் காத்தில் அணையும். அதைவிட மோசம், அணையாம எரிஞ்சுகிட்டே பெட்ரோல் பங்குக்குள் போகும். பைலட்களை அணைச்சுட்டு வாங்கனு அமெரிக்கப் பங்குகளில் எச்சரிக்கை எழுதி வச்சது சும்மா இல்லை.

ப்ரொபேன் காத்தைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிஞ்சா மேலே போகாது, வண்டித் தரையில் தண்ணி மாதிரி தேங்கும். இயற்கையில் அதுக்கு வாசனையும் கிடையாது. வாசனை இல்லாத வாயு என்ன செய்யும்னு 1937 மார்ச் 18 அன்னைக்கு டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளிக்கூடம் காட்டிடுச்சு. அங்கே கசிஞ்சது இயற்கை எரிவாயு. கட்டடத்துக்கு அடியில் யாருக்கும் தெரியாம சேர்ந்து, ஒரு மின் இயந்திரத்தின் பொறியில் வெடிச்சு, ஏறத்தாழ 300 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் குழந்தைங்க. அந்த வருஷமே டெக்சாஸ் கேஸில் நாற்றம் சேர்க்கணும்னு சட்டம் போட்டது, பிறகு அது எங்கும் பரவிச்சு. நம்ம சிலிண்டர் கசிஞ்சா வர்ற அந்த அழுகின நாத்தம் நாமாச் சேர்த்த மெர்காப்டன் வகை ரசாயனம்தான். மூக்கைப் பிடிக்கும்போது அந்தப் பிள்ளைங்களையும் கொஞ்சம் நினைச்சுக்கலாம்.

இப்போ ஒரு கணக்கு. ஆர்.வி.யில் சாதாரணமா வர்ற 30,000 பி.டி.யூ. ஃபர்னஸை எடுத்துக்குங்க. முழு வேகத்தில் நிமிஷத்துக்கு ஐந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே ப்ரொபேன் வாயு குடிக்கும். தெர்மோகப்பிள் ஆறி வால்வை விட அரை நிமிஷம், முக்கால் நிமிஷம் கூட ஆகலாம். 45 விநாடினு வச்சா நாலு லிட்டருக்கு மேல் எரியாத கேஸ் வெளியே வந்துடும். காத்தில் ப்ரொபேன் 2.1 சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும். ஆக அந்த நாலு லிட்டர், சுமார் 200 லிட்டர் காத்தை வெடிமருந்தா மாத்தப் போதும். குட்டிப் பைலட்டுக்குக் காவலா இருந்த தெர்மோகப்பிள், பெரிய பர்னருக்குக் காவலா இருக்க ரொம்ப மெதுவு.

செலவும் இருக்கு. ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், ஃபிரிட்ஜ்னு மூணு பைலட், ஒவ்வொண்ணும் மணிக்கு 500 பி.டி.யூ. எரிக்குதுனு வச்சுக்குங்க. 20 பவுண்டு சிலிண்டர் ஒண்ணு, ஒரு டம்ளர் வெந்நீர் கூட யாருக்கும் கொடுக்காம, 12 நாளில் காலி. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா இந்த அணையா விளக்குகளைச் சந்தேகத்தோட பார்க்க ஆரம்பிச்சது. மின்வயர் உள்ள கேஸ் அடுப்புகளில் 1990 முதல் நிலையான பைலட்டுக்கே தடை. பைலட் போகணும், தேவைப்படும்போது பொறி பறக்கணும். அப்படின்னா சுடர் இருக்கானு ஒரு விநாடிக்குள் சொல்ற வேற காவல் வேணும்.

நெருப்பும் ஒரு கம்பி

அதுக்கு விடை நெருப்புக்குள்ளேயே இருந்தது. சுடர் மின்சாரத்தைக் கடத்தும். எரியும்போது மூலக்கூறுகள் உடைஞ்சு எலெக்ட்ரான்களும் நேர்மின் அயனிகளும் உண்டாகுது. மின்னூட்டம் ஏத்தின பொருளைச் சுடர் பக்கத்தில் கொண்டுபோனா மின்னூட்டம் கரைஞ்சுடும்னு 17-ஆம் நூற்றாண்டிலேயே கவனிச்சிருக்காங்க.

இங்கே ஒரு வேடிக்கைக் கிளைக்கதை. 1900-ல் சிகாகோவில் லீ டி ஃபாரஸ்ட் வயர்லெஸ் பரிசோதனை செய்யும்போது, பொறி பறக்கும் போதெல்லாம் அறையில் இருந்த கேஸ் விளக்கு மங்கிச்சு. மின்காந்த அலையைச் சுடர் உணருதுனு துள்ளிக் குதிச்சார். பார்த்தா, பொறியின் சத்தத்துக்குத்தான் விளக்கு ஆடியிருக்கு! ஆனாலும் மனுஷன் விடலை. சூடான வாயு அலைகளை உணரணும்னு பன்சன் பர்னர் சுடரில் கம்பிகளைச் செருகிப் பார்த்துக்கிட்டே இருந்தார். அந்தப் பாதையில் போய்த்தான் 1906-ல் ஆடியான் குழாய்க்கு வந்து சேர்ந்தார். ரேடியோ யுகத்தையே திறந்துவிட்ட மூன்றுமுனை வால்வு அதிலிருந்து வந்ததுதான்.

சுடர் வழியா ஓடுற மின்சாரம் வெறும் சில மைக்ரோ ஆம்ப். அதைப் பெருக்கிக் காட்ட ஒரு பெருக்கி இல்லாம எந்த வால்வையும் ஆட்ட முடியாது. அந்தப் பெருக்கி வேலையை முதலில் செஞ்சது இந்த எலெக்ட்ரான் குழாய்கள். பிறகு டிரான்சிஸ்டர் வந்து, ஆர்.வி.யில் உள்ளங்கை அகல சர்க்யூட் போர்டா சுருங்கிடுச்சு. கேஸ் விளக்கைப் பார்த்துப் பிறந்த யோசனை, சுத்திச் சுத்தி கேஸ் சுடரைக் காவல் காக்கவே திரும்பி வந்தது.

ஆனா "மின்சாரம் ஓடுதா?"னு மட்டும் கேட்டா ஏமாந்து போவோம். ஈரம் பட்டாலும் ஓடும், கரி படிஞ்சாலும் ஓடும், வயர் உரசினாலும் ஓடும். சுடரே இல்லாம 'இருக்கு'னு பொய் சொல்லிடும். அதனால கேள்வியை மாத்தினாங்க: "ஒரு பக்கமா ஓடுதா?"

சுடருக்குள் ஒரு ஒல்லிக் கம்பி. எதிரே பர்னரின் அகலமான உலோகம். ரெண்டுக்கும் நடுவே மாறுதிசை மின்சாரம். எலெக்ட்ரான் ஆயிரக்கணக்கான மடங்கு லேசு, சட்டுனு ஓடும். அயனி தடிமன், நகரவே யோசிக்கும். கம்பி நேர்மின்னா இருக்கும்போது எலெக்ட்ரான்கள் அதை நோக்கிப் பாயும், மந்தமான அயனிகளை வாங்கிக்க அகலமான பர்னர் இருக்கு. மின்சாரம் நல்லா ஓடும். திசை மாறினா அந்த மந்த அயனிகள் எல்லாம் ஒல்லிக் கம்பியைத் தேடிப் போகணும், கொஞ்சந்தான் ஓடும். முடிவில் மாறுதிசையாப் போனது ஏறக்குறைய ஒரு திசை மின்சாரமா வெளியே வரும். ஈரமோ கரியோ உரசின வயரோ இப்படிச் செய்யாது, ரெண்டு பக்கமும் சமமா விட்டுடும். நெருப்புக்கு மட்டுமே போடத் தெரிஞ்ச கையெழுத்து இது. போலி போட முடியாது.

இன்னொரு கணக்கையும் பாத்துடுவோம். ஏழு விநாடியில் பதில் வரலைனா போர்டு கேஸை மூடிடும். அதுக்குள் வந்திருக்கக்கூடிய கேஸ் முக்கால் லிட்டருக்கும் குறைவு. முன்னாடி நாலு லிட்டர்!

அப்போ ஏன் அணையுது?

ஆர்.வி. ஃபர்னஸ் வேலை செய்யும் வரிசை இது. எந்தப் படியில் நிக்குதுனு காதால் கேட்டாலே போதும்.

1. தெர்மோஸ்டாட் சொன்னதும் ஊதுவிசிறி சுத்தும். சுத்தவே இல்லைனா ஃபியூஸ், பேட்டரி, தெர்மோஸ்டாட் பக்கம் பாருங்க.

2. விசிறிக் காத்து ஒரு சின்னத் தகட்டைப் பாய்மரம் மாதிரி தள்ளணும். பேரே பாய் ஸ்விட்ச்தான். காத்து இருந்தாத்தான் மேற்கொண்டு அனுமதி. விசிறி சுத்துது, டிக் டிக் சத்தமே வரலைனா பெரும்பாலும் இங்கேதான் கோளாறு: தகட்டில் நாய் முடி, தூசி. அல்லது பேட்டரி பத்தரை வோல்ட்டுக்குக் கிட்ட இறங்கி விசிறி சோம்பலாச் சுத்துது. ராத்திரி ரெண்டு மணிக்கு மட்டும் வர்ற கோளாறுனா முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்படணும். அதிகச் சூட்டில் வெட்டிவிடும் லிமிட் ஸ்விட்சும் இதே வரிசையில்தான் இருக்கு. காத்து வரும் துவாரங்களைப் பெட்டி, துணி வச்சு மூடிடாதீங்க.

3. சுமார் 15 விநாடி சும்மா ஊதும். பழைய கேஸ் ஏதாவது தேங்கியிருந்தா வெளியேத்த. இது கோளாறு இல்லை, பொறுமையா இருங்க.

4. வால்வு திறக்கும், பொறி பறக்கும். சத்தம் வருது, பத்தலைனா கேஸ் வரலை. முதலில் அடுப்பை ஏத்திப் பாருங்க. அடுப்பும் மங்கலா எரிஞ்சா ரெகுலேட்டரோ சிலிண்டரோதான் காரணம். சிலிண்டர் வால்வை வேகமாத் திறந்தா அதிகப்படி ஓட்டத்தைத் தடுக்கும் அமைப்பு கேஸை அமுக்கிடும். மூடிட்டு மெதுவாத் திறங்க. பொறியே இல்லைனா எலெக்ட்ரோடு இடைவெளி (சுமார் 3 மி.மீ.), பீங்கானில் விரிசல், வயர், போர்டு இணைப்பில் களிம்பு.

5. பத்திக்கிச்சு, ஏழு விநாடியில் அணைஞ்சுச்சு. இதுதான் மேலே சொன்ன கதை. கேஸும் நல்லாருக்கு, பொறியும் நல்லாருக்கு. நெருப்பு பதில் சொல்லுது, போர்டின் காதில் விழலை. உணர்கம்பியில் படிந்த ஆக்சைடைப் பொடி ஸ்டீல் உல்லால் மெல்லத் துடைங்க. கம்பி சுடருக்குள் இருக்கானு பாருங்க. பிறகு பலரும் மறக்கிற ஒண்ணு: எர்த். பர்னரும் இந்தச் சர்க்யூட்டில் பாதி. பர்னரிலிருந்து போர்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு திருகு துருப்பிடிச்சிருந்தா, சுடர் ஜொலிச்சுகிட்டே இருக்கும், போர்டு இருட்டுனு சொல்லும்.

நிறைய பேர் 5-ஆம் படிக் கோளாறுக்கு 4-ஆம் படி மருந்து கொடுத்து, நல்ல கேஸ் வால்வையும் நல்ல போர்டையும் மாத்திச் செலவழிக்கிறாங்க. பத்தவே இல்லையா, பத்தி அணையுதானு பிரிச்சுக் கேட்டாலே பாதிக் காசு மிச்சம்.

எட்டுக்கால் எதிரி ஒண்ணும் இருக்கு. வண்டி மாசக்கணக்கா நின்னா வாட்டர் ஹீட்டர் பர்னர் குழாயில் சிலந்தி கூடு கட்டும், ஃபர்னஸ் புகைவழியில் குளவி மண் பூசும். காத்து குறைஞ்சு சுடர் மஞ்சளாகி, கம்பியைச் சரியாத் தழுவாம ஆடும். சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 2011-ல் மஸ்டா கம்பெனி பெட்ரோல் டேங்க் காத்துக் குழாயில் சிலந்தி கூடு கட்டுதுன்னு பல்லாயிரம் கார்களைத் திரும்ப அழைச்சது :-)

காவலாளிக்குத் தெரியாதது

ஏழு விநாடியில் அணையுதேன்னு எரிச்சலில் பாய் ஸ்விட்சையோ லிமிட் ஸ்விட்சையோ ஒரு துண்டு வயரால் குறுக்கே இணைச்சுவிட்டு ஓட்டுறவங்க உண்டு. செய்யாதீங்க. நியூ லண்டனில் இல்லாத காவலை நாமளே கழட்டி வைக்கிற வேலை அது. கேஸ் நாத்தம் வந்தா எந்த ஸ்விட்சையும் தொடாம எல்லோரும் வெளியே வந்துட்டு சிலிண்டரை மூடுங்க, சோதனை எல்லாம் அப்புறம்.

இன்னொண்ணு. இத்தனை வருஷமும் கருவி கேட்கக் கத்துக்கிட்டது ஒரே கேள்வி, நெருப்பு உயிரோட இருக்கா? நாம உயிரோட இருக்க காத்து இருக்கானு அது கேட்கலை. மாகனின் கீசரில் இருந்த அதே ஓட்டைதான் இது. புகைக்குழாய் இல்லாத குளியலறைக் கேஸ் கீசர்களால் கார்பன் மோனாக்சைடு மூட்டம் போட்டு நம்ம ஊர்களில் உயிர் போன செய்திகள் 150 வருஷம் கழிச்சும் வந்துகிட்டே இருக்கு. சில சின்ன முகாம் ஹீட்டர்களில் மட்டும் இதுக்கு ஒரு அழகான ஏற்பாடு உண்டு: அறையில் ஆக்சிஜன் 21-லிருந்து சுமார் 18 சதவீதத்துக்கு இறங்கினா பைலட் சுடர் தெர்மோகப்பிளை விட்டுத் தள்ளிப்போய், கேஸ் தானா மூடிக்கும். சீபெக்கின் பழைய ஊசி அங்கே இன்னும் வேலை பார்க்குது. ஆர்.வி. ஃபர்னஸ் வெளிக்காத்தை எடுத்து வெளியே விடும் மூடிய அமைப்பு, அது வரைக்கும் நல்லது. ஆனா உள்ளே வெப்பப் பரிமாற்றி விரிசல் விட்டாலோ, குளிருக்கு யாராவது அடுப்பை ஏத்தி வச்சுட்டுத் தூங்கினாலோ, சுடர் ஜம்முனு எரியும், போர்டு 'எல்லாம் நலம்'னு சொல்லும். அதனால கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் காலாவதித் தேதியைப் பார்க்காம வண்டியில் படுக்காதீங்க.

ஆர்.வி.யில் போய் வந்தவங்க, வீட்டுக் கீசரைப் பிரிச்சு மேய்ஞ்சவங்க யாராவது இருந்தா உங்க அனுபவத்தைப் பின்னூட்டத்தில் சொல்லுங்க. ஃபிரிட்ஜுக்குள் நெருப்பை வச்சு ஐஸ் செய்த ரெண்டு சுவீடன் மாணவர்களின் 1922 கதையை இன்னொரு நாள் எழுதுறேன்.